கேஸ்ட்ரிக் மாத்திரை: எத்தனை நாளைக்கு?

நெஞ்சு எரிந்தாலும், புளித்த ஏப்பம் வந்தாலும், வயிற்றில் புண்ணே இருந்தாலும் பெம்பான் வட்டாரத் தோட்டங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கேஸ்ட்ரிக். பெயர் ஒன்றானதால் மருந்தும் ஒன்றே போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அக்காளுக்கு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையைத் தம்பி போட்டுக்கொள்கிறார். போன தீபாவளிக்கு மிஞ்சியது இந்தத் தீபாவளிக்கும் உதவுகிறது!

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினால் நெஞ்செரிச்சல். இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் உட்சுவர் அரிக்கப்பட்டால் புண். காரமும் கவலையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதை மாற்றினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் இக்கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் காணப்பட்டது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் போதாது. அதோடு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் சேரும். பெரும்பாலும் 14 நாள். ஐந்தாம் நாளே வயிறு சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த காரணம் வலி மாத்திரை. நாளெல்லாம் செம்பனைக் குலை அறுத்துத் தூக்குகிறவருக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா? டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை வலியைத் தணிக்கும். இரைப்பையின் பாதுகாப்பையும் குறைத்துவிடும். முட்டிவலிக்கு ஒரே நாளில் நிவாரணம் என்று விற்கப்படும் ஜாமு, மூலிகை மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஓமெப்ரசோல் வகை மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். கேப்சூலைக் கடிக்கவோ பொடியாக்கவோ கூடாது. சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரம் போதும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவை குறையலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்பவருக்கு அந்த மருந்தாலும் பி12 குறையும். சைவ உணவுக்காரராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இருதய நோய்க்குக் குளோபிடோக்ரல் உண்பவர் ஓமெப்ரசோலைத் தாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதன் பலனை அது குறைக்கும். மறுபக்கம், முன்பு இரத்தக்கசிவு கண்டு ஆஸ்பிரினும் உண்பவருக்கு இம்மருந்து நீண்டகாலம் தேவைப்படலாம். அவர் பயந்துகொண்டு தாமாக நிறுத்துவதும் தவறு.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ரேனிடிடினை எடுத்துக்கொள்வோம். சான்டாக் என்றால் பலருக்கு நினைவு வரும். 2019இல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கண்டறியப்பட்டது. மலேசியாவிலும் ரேனிடிடின் மருந்துகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து முழுவதும் அகற்றச் சொன்னது. நாள்படவும், வெப்பம் கூடவும் அந்த மாசு பெருகும் என்பதே காரணம். நம் ஊர் வெயிலில், காருக்குள்ளும் அடுப்பங்கரை அலமாரியிலும் கிடக்கும் பழைய மாத்திரையின் நிலையைச் சொல்ல வேண்டுமா? மிஞ்சிய மருந்தை அரசாங்க மருத்துவமனையின் மருந்தகத்தில் ஒப்படைக்கலாம்.

மலம் தார் போலக் கறுத்தால், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால், உணவு தொண்டையில் அடைத்தால், காரணமின்றி எடை குறைந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது கேஸ்ட்ரிக் மாத்திரையைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காமல் 999க்கு அழையுங்கள்.