சாவி யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிரிப்டோ பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டேன். வாங்கலாமா, வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. வாங்குவதென்று முடிவு செய்தவர் வாலட்டைப் பத்திரமாக அமைப்பது எப்படி என்பது மட்டும்தான் என் பேச்சு.

வாலட் என்றதும் மணிபர்ஸ் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேயே தப்பு ஆரம்பிச்சிடுது. காசு வாலட்டுக்குள் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு என்ற கணக்கு, உலகம் முழுக்கப் பல கணினிகளில் இருக்கும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது சாவி மட்டும். நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். லாரிச் சாவி யார் கையிலோ அவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். லாரிக்காவது ஆர்.சி. புத்தகம் தனியாக உண்டு. இங்கே சாவியேதான் ஆர்.சி. புத்தகமும்.

பலர் அந்தச் சாவியை எக்ஸ்சேஞ்சிடமே விட்டுவைக்கிறோம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. பலர் ஒப்புதல் சேர்ந்தால்தான் திறக்கும் பூட்டு அது. அதுவும் திறந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் காயின்களை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சொன்னது. சந்தோஷம். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்து நம்மிடம் இருந்தால் தேவலையே!

சரி, சாவியை நாமே வைத்துக்கொள்வோம். வாலட் ஆப்பைத் தயாரித்தவரின் சொந்த இணையதளத்தின் வழியாகத்தான் இறக்க வேண்டும். தொகை பெரிது என்றால் பென் டிரைவ் அளவில் ஹார்டுவேர் வாலட் கிடைக்கிறது. அதையும் தயாரிப்பாளரிடம் நேராக வாங்குங்கள், செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். ஆரம்பித்ததும் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். 2048 வார்த்தைப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தவை. போன் உடைந்தாலும் இவற்றை வைத்து வேறு போனில் மீட்டுவிடலாம். நம் வார்த்தைகளைப் பார்த்த வேறொருவரும் அதேபோல் மீட்டுவிடலாம்!

இதில் என் தவறு ஒன்று உண்டு. ராசிபுரத்தில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு வாலட் போட்டுக் கொடுத்தவன் நான். "எழுதி வச்சுக்கங்கண்ணா" என்று சொன்னேன். யார் கேட்டாலும் தராதீங்க என்று சொல்ல விட்டுப்போச்சு. இரண்டு மாதம் கழித்து, வாலட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. அண்ணன் பன்னிரண்டு வார்த்தையையும் வரிசையாக டைப் செய்துவிட்டார். ராத்திரி போன் பண்ணி, "தம்பி, பேலன்ஸ் ஜீரோன்னு காட்டுதே, சர்வர் கோளாறா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நிஜமான கம்பெனி எதுவும் அந்த வார்த்தைகளைக் கேட்காது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்தப் பணம் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்தது.

ஆகவே வார்த்தைகளைப் பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அது கிளவுடுக்குப் போய்விடும். பணம் போடும் முன்பே வாலட்டை அழித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து மீட்டுப் பாருங்கள். டெஸ்ட் பண்ணாத மெஷினை நாம் டெலிவரி கொடுப்போமா? பிறகு சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்த பின் மிச்சத்தை அனுப்புங்கள். காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ் உண்டு, முழுசாகப் படித்துச் சரிபாருங்கள். நெட்வொர்க் மாறினாலும் போச்சு. வரி பற்றி உங்கள் ஆடிட்டர் சொல்வார். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீதம்.

வேல்ஸ் நாட்டு ஜேம்ஸ் ஹவல்ஸ் 2013-இல் சாவி இருந்த ஹார்டு டிஸ்கைக் குப்பையில் போட்டுவிட்டு, சுமார் 8000 பிட்காயினுக்காகக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு கோர்ட் வரை போனார். அதனால் காகிதம் இரண்டு பிரதி, இரண்டு இடம். என் மனைவி கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?" அன்றைக்கே ஒன்று அவள் பேங்க் லாக்கருக்குப் போயிற்று.

சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், வாலட் போட்டும் தருகிறேன். வார்த்தைகள் வரும்போது மட்டும் நான் திரும்பி நின்றுகொள்வேன்.