கை பழகும் வரைக்கும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீங்க. வீட்டில அடுப்பு இன்னும் பத்த வைக்கலன்னு எனக்குத் தெரியும். அதனால நேராக விஷயத்துக்கு வாறேன்.

காலையில லயத்துப் பக்கம் நடந்து வந்தா எனக்குக் கேக்குற சத்தம் ஒன்னு இருக்கு. "இன்னும் பட்டன் போடலையா? கையில என்ன வாதமா?" பெரட்டுக்கு நேரமாச்சு, தேத்தண்ணி ஆறிப் போச்சு, பிள்ளை சேட்டுப் பட்டனை ஓட்டைக்குள்ள தள்ளத் தெரியாம நிக்குது. அம்மா படக்குன்னு இழுத்துப் போட்டு விட்டுட்டு ஓடுறாங்க. போற வழியில முதுகில ஒரு அடியும் விழுது. நான் யாரையும் குறை சொல்ல வரல. அந்தச் சத்தம் எங்க வீட்டிலேயும் கேட்டதுதான்.

என் சின்ன மகன் ஒன்னாம் வகுப்பில இருந்தப்போ அவனுக்குப் பட்டன் போட வராது, சப்பாத்து நாடா கட்ட வராது. எழுதினா எழுத்து கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஓடும். அழிச்சு அழிச்சுக் கொப்பியே கிழிஞ்சு போகும். நான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆள். வீட்டில அடிமட்டத்தால அவன் விரல் மொளியில தட்டினேன். ஒருநாள் இல்ல, பல நாள். பிறகு ஒருநாள் கவனிச்சேன், நான் இஸ்தோப்பில ஏறினாலே அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிறான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

எங்க அம்மா மலையில வேலை செஞ்சவங்க. அவங்கதான் சொன்னாங்க: "நான் முதல் நாள் கொழுந்து எடுக்கப் போனப்போ ரெண்டு இலையும் ஒரு அரும்பும் எதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு, கைக்குத் தெரியல. கங்காணி பக்கத்தில வந்து நின்னா இன்னும் வெறைச்சுப் போகும். பக்கத்து நிரை அக்கா ஒன்னும் பேசாம ரெண்டு கொழுந்து கிள்ளிக் காட்டினா. அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

இங்க இருக்கிற அம்மாமாருக்கு இது சொல்லாமலே விளங்கும். இப்ப உங்க கை செடியில ஓடுற வேகத்தை நினைச்சுப் பாருங்க. அது எத்தனை நாள் பழக்கம்?

பிள்ளைகளுக்கும் அப்படித்தான். 9 மாதத்தில இருந்து 12 மாதத்துக்குள்ள பெருவிரலாலேயும் ஆள்காட்டி விரலாலேயும் ஒரு பருக்கையைக் கிள்ளி எடுக்கப் பழகும். 3 வயதளவில பார்த்து ஒரு வட்டம் வரையும், 4 வயதளவில சிலுவைக் குறி போடும். பெரிய பட்டன் அந்த வயதில தொடங்கும். சப்பாத்து நாடா 6 வயதுக்கு முன்னால வராத பிள்ளை நிறைய. ஒன்னுக்கு முந்தும், ஒன்னுக்குப் பிந்தும்.

சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் கை மட்டும் பின்தங்கியே இருக்கும். பேச்சு நல்லா இருக்கும், புத்தியும் இருக்கும். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் 100 பேரை எடுத்தா 5 அல்லது 6 பேர் இப்படி இருப்பாங்கன்னு வைத்தியர்கள் சொல்றாங்க. ஆம்பளப் பிள்ளைகள்தான் கூட. சோம்பேறி, மக்குன்னு நாம பேர் வைக்கிற பிள்ளைகளில இவங்களும் இருக்காங்க.

சரி, என்ன செய்யலாம்? காலையில சொல்லிக் கொடுக்காதீங்க. காலையில நீங்களே போட்டு விடுங்க, தப்பில்ல. பழக்குறதுக்கு அந்தி நேரம், இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை. முதல்ல நாலு பட்டனை நீங்க போட்டு, கடைசிப் பட்டனை மட்டும் பிள்ளைக்கு விடுங்க. அதையும் பாதி ஓட்டையில நுழைச்சு வச்சு, வெளியே இழுக்கிறதை மட்டும் கொடுங்க. முடிச்சது நான்தான்னு அது முகத்தில தெரியும். அது வந்த பிறகு கடைசி ரெண்டு. நாங்க அப்படித்தான் செஞ்சோம். அஞ்சு பட்டனுக்கும் பல மாதம் போச்சு. இடையில ரெண்டு தடவை எனக்குக் கோபம் வந்து வாசலுக்கு எழும்பிப் போயிட்டேன். கோபம் வந்தா எழும்பிப் போங்க, அதுவும் ஒரு மருந்துதான்.

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு வேணாம். ரொட்டி மாவு பிசையக் கொடுங்க. விரலுக்குப் பலம் வாறது அதிலதான். அரிசியில கல்லுப் பொறுக்கட்டும், வெங்காயம் உரிக்கட்டும், பீலியில சின்னத் துணியைப் பிழியட்டும். கொஞ்சம் சிந்தும், பரவாயில்ல. பென்சில் கட்டையாப் போனா வீசாதீங்க, பிஞ்சு விரலுக்குக் கட்டைப் பென்சில்தான் பிடிக்க லேசு. கட்டிலில குப்புறப் படுத்து எழுதினா எழுத்து கோணும். கதிரையில உக்கார வச்சு, கால் எட்டலன்னா கீழே ஒரு பலகையோ பெட்டியோ வைங்க. உடம்பு ஆடாம இருந்தாத்தான் விரல் நிதானமா வேலை செய்யும்.

இடது கையால எழுதுற பிள்ளையைக் கையைக் கட்டி மாத்துறது இன்னும் நம்ம லயத்தில நடக்குது. பாட்டிமார் கோவிச்சுக்கக் கூடாது, அது குறை இல்ல, அப்படியே விட்டுடுங்க. ஆனா ஒரு வயது முடியாத குழந்தை எப்பவும் ஒரே கையை மட்டும் நீட்டி, மத்தக் கையை மூடியே வச்சிருந்தா அது வேற. உடனே மிட்வைஃப் அம்மாகிட்டக் காட்டணும். முன்னாடி செஞ்ச வேலையை இப்ப செய்ய முடியாமப் போற பிள்ளையையும், கை நடுங்குற பிள்ளையையும் தாமதிக்காம டாக்டர்கிட்டக் கொண்டு போங்க. சோர்ந்து வெளிறிப் போயிருக்கிற பிள்ளைக்கு இரத்தச் சோகை இருக்கான்னு பார்க்கணும். கைப் பயிற்சி கொடுக்கிறதுக்கே படிச்சவங்க பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில இருக்காங்க. காசு இல்லை. டாக்டர் துண்டு எழுதித் தருவார்.

அரைப்பேர் போயிடும்னு பயந்து கூட்டிப் போகாம இருக்கிறவங்க இருக்கீங்க. அந்தப் பயம் பொய்யில்ல, ஒரு நாள் சம்பளம்னா என்னன்னு எனக்குத் தெரியும். போற நாளை முன்கூட்டி எங்கிட்டச் சொல்லுங்க, நான் ஆபீசில கதைக்கிறேன். வழி தெரியாதவங்களோட நானும் வாறேன். வரும்போது பிள்ளையோட கிளினிக் கொப்பியையும், எழுதுற கொப்பியையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. கிழிஞ்ச கொப்பின்னா அதையே எடுத்துட்டு வாங்க, வெட்கப்பட வேணாம்.