களனி விகாரையும் பழவேற்காட்டுப் பாடும்



மீனவர் வாழ்வுரிமை பற்றிய பயிலரங்குக்காகக் கொழும்பு சென்ற நாங்கள், ஓய்வு கிடைத்த ஒரு பிற்பகலில் களனி ராஜமகா விகாரையைப் பார்க்கப் போனோம். போதிமரத்தைச் சுற்றி வந்தோம். சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களை நின்று பார்த்தோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடே வளர்ந்தவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு மட்டும் திரும்பினால் நாம் சுற்றுலாப் பயணிகள்தான்.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். இழந்த பௌத்தத்தை மீட்கவே அவர் கடல் கடந்தார்.

அதே இலங்கையின் சங்க வரலாற்றையும் நாம் படிக்க வேண்டும். 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், சயாமிலிருந்து வந்த உபாலி தேரரால் துறவுப் பரம்பரை மீண்டது. சில ஆண்டுகளிலேயே அந்தச் சியாம் நிகாயத்தில் உபசம்பதை கொவிகம சாதிக்கு மட்டும் என்றானது. சாதி வேண்டாம் என்ற புத்தரின் சங்கத்திலேயே சாதி வாசல் காத்தது. மறுக்கப்பட்ட கரையோரச் சாதியினர் பர்மாவின் அமரபுரம் வரை கப்பலேறி, உபசம்பதை பெற்று, 1803இல் திரும்பினார்கள். அமரபுர நிகாயம் இப்படிப் பிறந்தது. பட்டை உரிக்கும் சலாகமவும், மீன்பிடிக்கும் கராவவும், கள்ளிறக்கும் துராவவும் அதன் வழியே துறவுரிமை பெற்றனர். பின்னாளில் அந்த நிகாயமும் சாதிவாரியாகப் பிரிந்தது. தமக்கு மறுக்கப்பட்டதைப் போராடிப் பெற்றவர்களும் தம்முள் கோடு போட்டுக்கொண்டார்கள்.

இது நமக்கு அந்நியக் கதை அல்ல. கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்களில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை பிரிப்பார்கள். ஏரியை அது காக்கிறது, சண்டையைத் தவிர்க்கிறது. ஆனால் பாட்டில் பங்கு பிறப்பால் வருவது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவி எடுக்கும் தலித்துகளும் இருளரும் அந்தக் குலுக்கலில் இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும்போது ஏரி எல்லோருக்கும் என்கிறோம். அதே சொல் பாடு பேசும் கூட்டத்திலும் ஒலிக்க வேண்டும். கையால் இறால் பிடிப்போர் அங்கே உறுப்பினராக உட்கார வேண்டும். இந்த நினைவு நாளில் நம் மன்றம் எடுத்துச்செல்ல வேண்டிய கோரிக்கை அதுவே.

ஜெய்பீம்.