எழுத்துத் தெரியாத ஊரில் ஒரு நாள்

(குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கோடை விடுமுறையில், டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் அவனுக்கு அலுவலகம் இருந்தது. "யமனோதே ரயிலில் ஏறுக்கா. தவறவிட்டாலும் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடலாம்" என்று தைரியம் சொல்லி அனுப்பினான். நகரின் நடுப்பகுதியைச் சுற்றிவரும் வட்டப்பாதை அது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

ரயிலில் சிரமமே இல்லை. பாதைக்கு ஒரு நிறம், நிலையத்துக்கு ஓர் எண். உயேனோ 5, ஷின்ஜுகு 17. பெயரைப் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் பார்த்து இறங்கிவிடலாம்.

சிக்கல் ஷின்ஜுகுவில் வந்தது. உலகிலேயே மிக அதிகப் பயணிகள் வந்துபோகும் நிலையம் அது. 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியேறி, ஏதோ ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. பார்த்த பலகையெல்லாம் ஜப்பானிய எழுத்து. இருபது ஆண்டுகளாக எழுத்துக் கற்பிப்பவள், அங்கே கைநாட்டாக நின்றேன். யாரிடமாவது கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம்.

அப்போதுதான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். ஆண்டின் நடுவில் என் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தவன். கரும்பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். பேசாமல் நின்றான். "வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் நின்ற இடத்தில்தான் இப்போது நான் நின்றேன்.

தெருமுனையில் ஒரு சிறிய காவல் சாவடி. 'கோபான்' என்பார்கள். என் தாளில் தம்பி எழுதித் தந்த நிலைய எண்ணைக் காவலரிடம் நீட்டினேன். அவர் வரைபடத்தை விரித்து, நான் நிற்கும் இடத்தில் முதலில் விரல் வைத்தார். பிறகு நிலையம் வரை மெதுவாகக் கோடு இழுத்தார். அத்துடன் விடாமல், திருப்பம் வரை கூடவே நடந்து வந்தார்.

நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைப் பார்த்தேன். பார்வையற்றோருக்காக மியாகே செய்இச்சி உருவாக்கி, 1967-இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தவை. மாலையில், மஞ்சள் தொப்பி அணிந்த முதல் வகுப்புக் குழந்தைகள் பெற்றோர் துணையின்றி வீடு திரும்புவதையும் பார்த்தேன். வழி நெடுக யாரோ அவர்களை நினைத்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

பள்ளி திறந்ததும் அந்தப் பையன் அருகே தரையில் உட்கார்ந்தேன். 'எண்ணும் எழுத்தும்' நிலைகளில் அவன் அரும்பு. ஆனால் செங்கல்லை நூறு வரை பிசகாமல் எண்ணுவான். அதுதான் அவன் நின்ற இடம். அங்கே விரல் வைத்துத் தொடங்கினோம். எண்களோடு படங்கள், படங்களோடு எழுத்துகள். படிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்துவதை விட்டுவிட்டேன்.

இப்போது ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி எனக்கே படித்துக் காட்டுகிறான்.

நம் வகுப்பிலும் எவரேனும் ஒரு குழந்தை, மொழி தெரியாத ஊரில் தனியாக நின்றுகொண்டிருக்கலாம். பாதி வழியாவது கூட நடப்போம்.