பிள்ளை பார்ப்பவருக்கு எவ்வளவு திட்டம் வேண்டும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பெற்றோர் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போன பிறகு பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்த காலம் ஒன்று உண்டு. பால் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது, அழுதால் தூக்குவது ஆயாவின் வேலை. இன்றைக்கு என்ன நடவடிக்கை என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது ரிங்லெட், தானா ராத்தா பக்கம் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் பெண்களிடம் அந்தக் கேள்வி வருகிறது. பழைய ஆயா மாதிரி பார்த்தால் போதாதா என்பார் சிலர்; எட்டு மணிக்கு எழுத்து, ஒன்பதுக்கு எண் என்று அட்டவணை கேட்பார் சிலர். திட்டம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அது பிள்ளைக்கு மணி அடிக்கும் திட்டமாக இருக்கக்கூடாது. பார்ப்பவர் தம் வீட்டையும் தம் பொழுதையும் ஒழுங்கு செய்துகொள்ளும் திட்டமாக இருக்கவேண்டும்.

நம் மலேசியாவின் 1984ஆம் ஆண்டுத் தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைக் காசு வாங்கிப் பார்த்தாலே அது தாஸ்காதான். பத்துக்குக் குறைவென்றால் வீட்டுத் தாஸ்கா. ஒரே கூடத்தில் தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை, ஓயாமல் கேள்வி கேட்கும் மூன்று வயதுக்காரன் எல்லாரும் இருப்பார்கள். இந்த மூவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளை எழுத யாராலும் முடியாது. எழுதினாலும், அதை நிறைவேற்ற ஒருவனை உட்கார வைக்கவேண்டும், இன்னொன்றின் தூக்கத்தைக் கெடுக்கவேண்டும். எம்மி பிக்லர் என்ற மருத்துவர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் வேறு வழியைக் கடைப்பிடித்தார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது ஆகியவற்றை அவசரமில்லாமல், குழந்தையோடு பேசிக்கொண்டே செய்யவேண்டும். மற்ற நேரத்தில் ஆபத்தில்லாத இடத்தில் அது தானாக விளையாடவேண்டும். அங்கே திட்டமிடப்பட்டவை இடமும் பொழுதும்தான். குழந்தை என்ன செய்யவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

'திட்டம் இல்லையென்றால் டிவிதானே பிள்ளையைப் பார்க்கும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதுவும் பிற்பகலில் அடிக்கடி மழை கொட்டும் மலையில். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரு வயது தொடங்கி நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடவேண்டும் என்றும் சொன்னது. ஆகவே இங்கே முதலில் யோசித்து வைக்கவேண்டியது மழைப் பொழுதைத்தான். காலையிலேயே வெளியே விட்டுவிடுவது. மழை வந்தால் எடுக்க அட்டைப் பெட்டி, பழைய துணி, மூடியுள்ள டப்பா என்று ஒரு கூடை தயாராக வைப்பது. அதிலுள்ளவற்றை வாரம் ஒருமுறை மாற்றுவது. இதற்கு ஞாயிறு மாலை கால் மணி நேரம் போதும்.

பள்ளிக்குப் போகுமுன் எழுத்துத் தெரியவேண்டாமா என்ற பெற்றோரின் கவலையும் பொய்யல்ல. தமிழ்ப்பள்ளியில் பிள்ளை தடுமாறக்கூடாது என்ற பயம் அது. ஆனால் மூன்று வயதில் பென்சில் பிடிக்கத் தெரிவதைவிடப் பேசத் தெரிவது பெரிது. கீரை ஆய்ந்தபடியே இது காம்பு, இது இலை என்று பேசும் அக்காவிடம் பிள்ளை கற்கும் தமிழ் எந்தப் பயிற்சித்தாளிலும் இல்லை. கட்டாயம் எழுதி வைக்கவேண்டியவை வேறு: மருந்து, ஒவ்வாமை, உண்டது, உறங்கியது, மாலையில் யார் அழைத்துப்போகலாம் என்பது. இவற்றில் சோம்பல் ஆகாது. இதற்கு மேலும் தினசரி ஏடு வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரே, அதை எழுதும் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.