கேட்ட காதும் தூக்கிய கையும்



நினைவுப் பேருரை என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் நம்மிடையே வழக்கம். நான் கொஞ்சம் வறண்ட விடயத்தை எடுத்திருக்கிறேன். ஒரு சட்டமூலம் சட்டமாவதற்கு முன் யார் சனங்களின் பேச்சைக் கேட்கிறார்கள், யார் அதற்கு வாக்களிக்கிறார்கள் என்பதுதான் அது. இந்தப் பேருரை அறக்கட்டளைக்குரிய ஐயா புதுக்கடை நீதிமன்றங்களிலேயே ஆயுளைக் கழித்த சட்டத்தரணி. அவர் இருந்திருந்தால் தலைப்பைப் பார்த்து முகம் சுளித்திருக்க மாட்டார்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கேட்கிறவர் ஒருவர், கை தூக்குகிறவர் வேறொருவர். இரண்டும் ஒரே அறையில் நடந்த காலம் ஒன்று நமக்கு இருந்தது. அதை நாம் விட்டுவிட்டோம். விட்டதற்குக் காரணமும் இருந்தது, அந்தக் காரணத்தில் தமிழர் பங்கும் உண்டு.

முதலில் இன்றைய நடைமுறை. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும். பிறகு பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அன்றிலிருந்து குறுகிய சில நாட்களுக்குள், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை தரும் உரிமை அது. மூன்று வாரங்களுக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பு தவறினால் தவறியதுதான். சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு, அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. 80ஆம் உறுப்புரை அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

ஆகவே நம் நாட்டில் ஒரு சட்டமூலத்தைப் பற்றி வெளியாள் வாய் திறக்கக்கூடிய முக்கியமான இடம் பாராளுமன்றம் உள்ள கோட்டேயில் இல்லை, உயர் நீதிமன்றம் உள்ள புதுக்கடையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோவில் ஏறினால் சில நிமிடத்தில் இறங்கிவிடலாம். ஆனால் அங்கே வாதம் முழுக்க அரசியலமைப்பின் உறுப்புரைகளைச் சுற்றித்தான் நடக்கும். இந்தச் சட்டம் வந்தால் என் கடைக்கு என்ன ஆகும், என் பிள்ளையின் படிப்புக்கு என்ன ஆகும் என்று கேட்பதற்கு அது இடமல்ல. சட்டம் நல்லதா கெட்டதா என்று நீதியரசர்கள் பார்ப்பதில்லை. அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா, எத்தனை வாக்கு வேண்டும், மக்கள் தீர்ப்பு வேண்டுமா என்பவற்றைத்தான் பார்ப்பார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விசாரணை நடக்கும்போதே சட்டமா அதிபரின் தரப்பு எழுந்து, இன்ன இன்ன வாசகங்களைக் குழுநிலையில் திருத்தப்போகிறோம் என்று ஒரு பட்டியலை நீதிமன்றத்தில் கொடுக்கும். பாராளுமன்றக் குழுவில் செய்ய வேண்டிய திருத்தம், உறுப்பினர்களுக்கு முன்பே நீதியரசர்களின் மேசைக்குப் போய்விடுகிறது.

2023இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எதிர்த்து 40க்கு மேற்பட்ட மனுக்கள். மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். 31 வாசகங்களைத் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பது தீர்மானம். அதைச் சபாநாயகர் சபையில் வாசித்தார். 2024 ஜனவரி 23, 24 ஆகிய இரண்டு நாள் விவாதம். இரண்டாம் மதிப்பீட்டில் ஆதரவாக 108, எதிராக 62. பிறகு குழுநிலை.

குழுநிலை என்றதும் ஒரு நீள மேசை, பத்துப் பதினைந்து பேர், எதிரே சாட்சி சொல்ல வந்தவர் என்று கற்பனை செய்ய வேண்டாம். அதே சபை, அதே நாற்காலிகள், அதே 225 பேர். முழுச் சபையும் தன்னைக் குழு என்று அழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாசக இலக்கங்கள் வாசிக்கப்படும். அமைச்சர் திருத்தத்தை முன்மொழிவார். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பார்கள். அடுத்த இலக்கம். அன்று மாலையே வேலை முடிந்தது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று எதிர்க்கட்சியும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. பெப்ரவரி 1ஆம் திகதி சான்றுரை எழுதப்பட்டது. மார்ச்சில் சபாநாயகர் மீது வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை 75க்கு 117 என்று தோற்றது. புதுக்கடையில் கேட்டவர்களுக்கு வாக்கில்லை. கோட்டேயில் வாக்களித்தவர்களின் குழுநிலையில் வெளியாள் வந்து சொல்ல இடமில்லை.

இனிப் பழைய கதைக்கு வருகிறேன். 1927 கடைசியில், யாப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் வந்து இறங்கியது. பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று சாட்சியம் சொல்லப் போனவர்களில் ஆக்னஸ் டி சில்வா ஒருவர். அவர்களுடைய சங்கம் கேட்டது படித்த பெண்களுக்கான வாக்குத்தான். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்க, வேறென்ன, அவர்களும் பெண்கள்தானே என்று ஆக்னஸ் பதில் சொன்னதாக வரலாறு. ஒரு கேள்வி, ஒரு பதில். எழுதிக்கொடுத்த மகஜரில் இல்லாத ஒன்று, நேருக்கு நேர் கேட்டதனால் வெளியே வந்தது. விசாரணை என்று ஒன்றை வைப்பதன் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆணைக்குழுவின் அறிக்கை பெண்களுக்கு 30 வயது என்றது, பிறகு அது 21 ஆனது. தோட்டப் பெண்களில் பலருக்குக் கிடைத்த வாக்கு 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பறிபோனது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த வருடமே கொழும்பு வடக்கு, கொட்டாஞ்சேனை சார்ந்த தொகுதி, நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

டொனமூர் யாப்பு தந்த அந்த அரசாங்க சபை, இன்று ஜனாதிபதி செயலகம் இருக்கும் காலி முகத்திடல் கட்டடத்தில் கூடியது. 50 பேர் தெரிவானவர்கள், 8 பேர் நியமனம், 3 பேர் அரச அதிகாரிகள். அதிகாரிகள் தவிர்ந்த அத்தனை பேரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள்: உள்நாட்டு விவகாரம், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் கைத்தொழில் வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்யும். அவர்தான் மந்திரி. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவே இல்லை. பின்வரிசை உறுப்பினரும் ஒரு துறையின் கோப்பைக் கையில் எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். 1931இல் தொழில் குழு மலையகத் தமிழரான பெரி சுந்தரத்தைத் தலைவராக்கியது. இனத்தை எண்ணிப் பார்த்து நடந்த தெரிவல்ல அது.

கல்விக் குழுவின் தலைவராக இருந்தவர் கன்னங்கரா. அவர் தலைமையில் இயங்கிய விசேட கல்விக் குழு 1943இல் அறிக்கை தந்தது. ஆராய்ந்தவரே சபையில் நின்று வாதாடினார், வாக்கையும் சேர்த்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. இந்த மண்டபத்தில் அதன் பயனை அனுபவிக்காதவர் யாரும் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் குழு என்பது ஆட்களின் எண்ணிக்கையும்தான். ஒரு குழுவில் எட்டு அல்லது ஒன்பது பேர். ஐந்து பேர் சேர்ந்தால் தலைவர் அவர்கள் ஆள். 1936இல் யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். ஏழு குழுவிலும் பெரும்பான்மை, ஏழு மந்திரிகளும் சிங்களவர். தனிச் சிங்கள மந்திரிசபை என்று பெயர் பெற்றது அதுதான். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் வவுனியாவிலிருந்து தமிழர் உரிமைக்காகப் பாராளுமன்றத்தில் முழங்கியவரும் அவரே. இதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்காது. நிர்வாகக் குழு முறையில் சிறுபான்மையினர் நம்பிக்கை இழந்ததற்கு அந்த வருடம் பெரிய காரணம். 1947இல் சோல்பரி யாப்பு வந்தபோது அந்த முறை போயிற்று. அதற்காகத் தமிழர் தரப்பில் அழுதவர்கள் அதிகமில்லை. அழுதிருக்கலாம் என்பது என் கட்சி. கெட்டது குழு முறை அல்ல, தலைவரைத் தெரிவு செய்த விதி.

குழுவுக்கு ஒரு பயங்கர முகமும் உண்டு. 2012இல் திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளிடம் அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வடக்கில் அப்போது தெரிவான சபையே இல்லை, ஆளுநரின் சம்மதம் போதாது என்றும் சொன்னது. சில வாரங்களில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை தெரிவுக்குழுவின் முன் வந்தது. 11 பேர்: அரசு தரப்பில் ஏழு, எதிர்த்தரப்பில் நான்கு. இரா. சம்பந்தன் அந்த நால்வரில் ஒருவர். டிசம்பர் 6ஆம் திகதி பிரதம நீதியரசர் வெளிநடப்புச் செய்தார், மறுநாள் நால்வரும் விலகினார்கள். அதற்குப் பிறகே சாட்சிகளை அழைத்தார்கள்! குறுக்கு விசாரணைக்கு எதிராளி இல்லாத அறையில் சாட்சியம். 8ஆம் திகதி அறிக்கை தயார். ஜனவரி 11ஆம் திகதி 49க்கு எதிராக 155 வாக்குகள். இங்கே கேட்டவர்களும் கை தூக்கியவர்களும் ஒரே ஆட்கள்தான். கேட்பதற்கு முன்பே கை உயர்ந்திருந்தது.

நல்ல முகத்தையும் பார்த்திருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பைப் பற்றிக் கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே ஆனந்த குமாரசிறி தலைமையில் தெரிவுக்குழு. ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன் உறுப்பினர்கள். ஊடகங்களுக்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரிகள் பதில் சொன்னார்கள். அதிகாரிகளை அழைக்கக் கூடாது என்று ஜனாதிபதியே ஆட்சேபித்தும் குழு நிற்கவில்லை. செப்டெம்பரில் அவரும் வாக்குமூலம் கொடுத்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த விசாரணையைப் பார்த்த சனத்துக்கு ஒன்று விளங்கியது: பாராளுமன்றத்துக்கும் கேள்வி கேட்கத் தெரியும். ஆனால் அந்தக் குழு விசாரித்தது நடந்து முடிந்த ஒரு துயரத்தை. அதே கேள்வியை, வரப்போகும் ஒரு சட்டத்தைப் பற்றி, அதே வெளிச்சத்தில் கேட்பதைத்தான் நான் வேண்டுகிறேன்.

பிற நாடுகளில் அது தினசரி வேலை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் பொது விசாரணை உண்டு. பெயரைக் கொடுத்துவிட்டு எவரும் பேசலாம். கேட்ட குழுவே பிறகு வாக்கெடுத்துத் தன் பரிந்துரையைச் சபைக்கு அனுப்பும். நியூசிலாந்தில் வைத்தாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளைப் பற்றிய சட்டமூலத்துக்கு 3 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்து மூலக் கருத்துகள் குவிந்தன. நீதிக் குழு பலரை நேரிலும் கேட்டது, முன்கொண்டு செல்ல வேண்டாம் என்று அறிக்கை எழுதியது. 2025 ஏப்ரலில் சபை 112க்கு 11 என்று அதைத் தோற்கடித்தது.

நம்மிடமும் கருவி இல்லாமலில்லை. 2015 முதல் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றன. சட்டமூலங்கள் அவற்றிடம் போகின்றன. முன்பு 17 ஆக இருந்தவை இந்தப் பாராளுமன்றத்தில் 7 ஆகக் குறைந்திருக்கின்றன. டொனமூரின் அதே ஏழு, தற்செயல்தான். அமைச்சின் செயலாளரும் சட்ட வரைஞரும் வந்து விளக்கம் சொல்கிறார்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்டுவிட்டு இணங்குகிறார்கள். வெளியாளை அழைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, அழைப்பதும் உண்டு. ஆனால் அழைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கட்டாயமில்லாத இடத்தில் முதலில் விடுபடுவது யார் என்பதைத் தமிழில் மனு எழுதிப் பழகிய உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம்.

எனவே நிலையியற் கட்டளைகளில் இரண்டு திருத்தங்கள் போதும் என்கிறேன். ஒன்று, துறைசார் குழு எந்தச் சட்டமூலத்துக்கும் மும்மொழியிலும் அறிவித்தல் கொடுத்து, ஒரு நாளாவது பொதுமக்களைக் கேட்டு, உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயரோடு அறிக்கையில் போட வேண்டும். மற்றது, குழுநிலைத் திருத்தங்கள் மும்மொழியிலும் அச்சாகி உறுப்பினர் கையில் கிடைத்து முழுதாக ஒரு நாள் கழியும் வரை மூன்றாம் மதிப்பீடு கிடையாது. அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் தேவையில்லை. கொழும்பு மாவட்டத்தில் நீங்கள் விருப்பு வாக்கு போட்டு அனுப்பிய உறுப்பினர் அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது, வீதி விளக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் அவரிடம் கேளுங்கள்.