குதிரைக்குத் தண்ணீர் எங்கே?

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரையாண்டு விடுமுறையில் தார் பாலைவனத்தில் ஆறு நாள் குதிரையில் போய்விட்டு வந்தேன். அதைச் சொன்னதிலிருந்து ஆசிரியர் அறையில் மூன்று கேள்விகள்தான் கேட்கிறார்கள். கீழே விழுந்தீர்களா? எவ்வளவு செலவு? ஒட்டகம் இருக்கும்போது எதற்குக் குதிரை? முதல் இரண்டுக்கும் தேநீர் இடைவேளையில் பதில் சொல்கிறேன். மூன்றாவது நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு.

குளிர்காலத்தில் பச்சைத் தழை கிடைத்தால் ஒட்டகம் பல நாள் தண்ணீரைத் தேடாமல் நடக்கும். ஜீப்புக்கு டீசல் இருந்தால் போதும். குதிரை அப்படியில்லை. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். எங்கள் குழுவில் எட்டுக் குதிரைகள். குறைந்தது 200 லிட்டர், தினமும். ஆகவே குதிரையில் போகிறவர் நினைத்த திசையில் போக முடியாது. தண்ணீர் இருக்கும் ஓரிடத்திலிருந்து தண்ணீர் இருக்கும் அடுத்த இடத்துக்குத்தான் போக முடியும். எங்கள் பாதையை வரைபடத்தில் வரைந்தால் கோணல்மாணலாக இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குட்டையோ கிணறோ தொட்டியோ இருக்கும். ஜெய்சால்மரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் மதுரையில் பெய்வதில் கால் பங்குகூட இல்லை. அந்த மழையை வைத்துக்கொண்டு, நாள்தோறும் எட்டுக் குதிரைக்குக் குடிக்கக் கொடுக்க முடிகிறது என்றால் அது எப்படி?

ஜெய்சால்மரிலிருந்து தென்மேற்காகக் குல்தரா, கூரி வழியாகப் போய்ச் சுற்றி வந்தோம். நாளுக்கு 20 கிலோமீட்டர் அளவில். கூடாரம், தீவனம், சமையல் சாமான் எல்லாம் ஒட்டக வண்டியில் பின்னால் வந்தன. நான் முன்பே சில மாதம் குதிரையேற்றம் பழகியிருந்தேன். பழகாதவர்கள் போகக்கூடாத பயணம் இது. விளம்பரத்தில் வேறு மாதிரி சொல்வார்கள், நம்பாதீர்கள்.

எனக்குக் கிடைத்தது செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, மார்வாரி இனம். மார்வாரியை அடையாளம் காண ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். இரண்டு காதுகளும் உள்பக்கமாக வளைந்து நுனியில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காதுகளுக்கு நடுவே தெரிகிற இடைவெளி வழியாகத்தான் ஆறு நாளும் உலகத்தைப் பார்த்தேன். மணல்மேட்டில் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று கடிவாளத்தைப் பிடித்திருந்த எனக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்திருந்தது. காற்று வீசும் பக்கம் சரிவு சாய்வாகவும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, காலை வைத்தால் உள்ளே இழுக்கும். நாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தும் பாடம்தான். அதைக் குதிரையின் தோள்பட்டை அசைவில் உணர்வது வேறு அனுபவம்.

மாலையில் முகாம் போட்டதும் முதல் கவனிப்பு குதிரைக்கு. சேணத்தை இறக்கி, முதுகைத் தேய்த்து, குளம்பில் சிக்கிய கல்லையும் முள்ளையும் எடுத்து, தண்ணீர் காட்டி, தீவனம் வைத்த பிறகுதான் மனிதர்களுக்குத் தேநீர். தானியத்தைத் தரையில் கொட்டவே மாட்டார்கள். துணிப்பையில் போட்டு வாயில் கட்டிவிடுவார்கள். காரணம் கேட்டேன். தரையில் தின்றால் தீவனத்தோடு மணலும் உள்ளே போகும், குடலில் தங்கி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஆகவே வயிற்றுவலி உயிருக்கே ஆபத்து. 

தண்ணீருக்கு வருகிறேன். முதல் நாள் பார்த்தது குட்டை. அங்கே 'நாடி' என்கிறார்கள். நம் ஊர்க் குளத்தின் தம்பி. இரண்டாம் நாள் ஒரு வீட்டு முன்னால் பெரிய தாம்பாளம் போல வட்டமாக, நடுப்பக்கம் சரிந்த தரை. நடுவில் மூடி போட்ட நிலத்தடித் தொட்டி. இது 'டாங்கா'. அந்த வட்டத்தில் விழும் மழை வழிந்து தொட்டிக்குள் போகும். குடிநீர் என்பதால் அந்தத் தரையில் செருப்புக் காலோடு யாரும் நடப்பதில்லை. எங்கள் குதிரைகளையும் தள்ளியே நிறுத்தச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பார்த்ததுதான் என்னை வியக்க வைத்தது. தாழ்வான வெட்டவெளியில், தரையோடு தரையாக, குறுகிய வாயுள்ள பல சிறிய கிணறுகள். 'பேரி' என்று பெயர். ஆழத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் உப்பு. அப்படியானால் இந்தக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் எப்படி? மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சம் படிவு ஒரு தட்டு போலப் படுத்திருக்கிறது. மணலில் இறங்கிய மழை அந்தத் தட்டுக்குக் கீழே போகாமல், உப்பு நீரோடு கலக்காமல், ஈரமாகவே தங்கிவிடுகிறது. தட்டை உடைக்காமல் அதுவரை மட்டும் தோண்டினால் சுற்றியுள்ள மணல் கசிந்து கசிந்து தண்ணீர் கொடுக்கும். வாய் அகலமாக இருந்தால் வெயிலில் ஆவியாகும். அதனால் குறுகிய வாய்.

அந்த மக்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மழையாக விழுந்து தேங்குவது 'பாலர்'. ஆழத்து நிலத்தடி நீர் 'பாதாள்'. இரண்டுக்கும் நடுவே மணலில் ஈரமாக நிற்பது 'ரேஜானி'. மழையை அவர்கள் மில்லிமீட்டரில் அளந்ததில்லை. மண்ணுக்குள் எத்தனை விரற்கடை ஈரம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பயிருக்கு வேண்டிய கணக்கு அதுதானே. இதையெல்லாம் அனுபம் மிஸ்ரா 1995இல் 'ராஜஸ்தான் கி ரஜத் பூந்தேன்' என்ற இந்தி நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தி படிக்கத் தெரிந்தவர்கள் தேடிப் படியுங்கள்.

குல்தராவில் எல்லோரும் பேய்க்கதை கேட்பார்கள். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலியான கல் கிராமம் அது. சாபம், கொடுமைக்கார திவான் என்று கதை நீளும். எனக்குப் பேயைவிட அந்த மக்கள் விட்டுச் சென்ற கடீன் முக்கியமாகப் பட்டது. பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான பக்கத்தில் நீண்ட மண்கரை போட்டு நிறுத்துகிறார்கள். மிகுந்தால் வழிய நம் கண்மாய்க் கலுங்கு போலவே ஓர் அமைப்பு. நீர் நின்று, மண்ணில் ஊறி, வற்றிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். மேற்கொண்டு ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. டிசம்பர் கடைசியில் நாங்கள் கடந்தபோது, சுற்றிலும் பழுப்பு நிறம், நடுவில் மட்டும் முழங்கால் உயரம்கூட இல்லாத பச்சைக் கோதுமை. குதிரைகள் எல்லாம் அந்தப் பக்கமே இழுத்தன.

இரவில் நல்ல குளிர். பகலில் 25 டிகிரி, விடியற்காலையில் 7, 8. காற்றில் ஈரமில்லை, வானில் மேகமில்லை. பகலில் வாங்கிய சூட்டை மணல் இரவில் அப்படியே விட்டுவிடுகிறது. கம்பளிக்குள் இருந்தபடியே ஒரு சோதனை செய்து பார்த்தேன். கையை நீட்டி முட்டியை மடக்கினால் வானத்தில் அது ஏறக்குறைய 10 டிகிரி. மதுரைப் பக்கம் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம்தான். கட்டடமும் மரமும் மறைத்துவிடும். ஜெய்சால்மரில் ஏறக்குறைய மூன்று முட்டி உயரத்தில் நின்றது. அட்சரேகை 10, 27. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அட்சரேகை முதல் முறையாக அவர்கள் கையில் இருந்தது.

நான்காம் நாள் ஒரு சிறு குடியிருப்பின் பக்கத்தில் தங்கினோம். அங்கேயும் குளிர்கால விடுமுறை, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் நாங்கள் வந்த தடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் வழிகாட்டியிடம், "அண்ணா, இந்தக் குதிரை பின்னங்காலை ஊன்றவில்லை" என்றாள். அவர் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். லாடத்தில் ஓர் ஆணி தளர்ந்திருந்தது. அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வழிதவறிய ஆட்டையும் ஒட்டகத்தையும் தடம் பார்த்தே தேடுகிற வீட்டுப் பிள்ளை.

தென்கோடியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் மாலையில் வந்தார். கம்பு ரொட்டியும் கேர்-சாங்ரிக் கறியும் சாப்பிட்டபடி பேசினோம். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பது அங்கே வயல் நடுவே நிற்கிறது; காய் மனிதருக்கு, இலை ஆட்டுக்கு, நிழலடியில் கம்பு. அந்த ஆசிரியர் சொன்னார்: "மாஸ்டர்ஜி, இந்தப் பிள்ளைகளுக்குப் புல்லிலேயே எத்தனையோ வகை தெரியும். ஆனால் பாலைவனம் என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால், தண்ணீரும் செடிகொடியும் இல்லாத நிலம் என்றுதான் எழுதுகிறார்கள். அதற்குத்தான் மதிப்பெண்."

ஒரு மதிப்பெண் விஷயம்தானே என்று நானும் விட்டிருப்பேன். மறுநாள் ஓர் ஓரண் வழியாகப் போனோம். ஓரண் என்பது தெய்வத்தின் பெயரில் விடப்பட்ட மேய்ச்சல் காடு. நம் கோயில்காடு போல. மாடு மேயலாம், கோடரி கூடாது. வழிகாட்டி ஒவ்வோர் ஓரணாகக் கைகாட்டிப் பேசினார். ஊருக்கெல்லாம் அது ஓரண். ஆனால் பல ஓரண்கள் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தப் பெயரில் இல்லை. தரிசு என்றோ அரசு நிலம் என்றோதான் இருக்கின்றன. தரிசு என்றால் யாருக்கும் இழப்பில்லாமல் எடுத்துக்கொடுக்கலாம் என்று பொருளாகிவிடுகிறது. சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அப்படிப் போன நிலங்களைக் காக்கத்தான் மேய்ச்சல்காரர்கள் ஜெய்சால்மர் பக்கம் நடைபயணமும் போராட்டமுமாக இருக்கிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை; நம் பள்ளிக் கூரையிலும் அது வந்தால் மகிழ்ச்சிதான். எந்த நிலம் வெறும் நிலம் என்று யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

கானமயிலும் அந்த நிலத்தில்தான் வாழ்கிறது. உலகத்திலேயே சுமார் 150தான் மிச்சம், பெரும்பாலும் ஜெய்சால்மர் வட்டாரத்தில். கனத்த பறவை, நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது, பறக்கும்போது மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. நாங்கள் ஒரு கானமயிலைக்கூடப் பார்க்கவில்லை. கம்பிகளை நிறையப் பார்த்தோம்.

திரும்பி வந்ததும் என் வகுப்பில் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். "நம் ஊரில் எட்டுக் குதிரையோடு ஒருவர் வந்தால், எந்த வழியாகப் போனால் தினமும் தண்ணீர் காட்டலாம்?" என்று கேட்டேன். குழாயைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி. பிள்ளைகள் மூன்று சனிக்கிழமை அலைந்து வரைபடம் போட்டார்கள். கண்மாய், ஊருணி, ஏந்தல், தாங்கல் என்று பெயர் பெயராகக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் தன் அப்பத்தா சொன்ன ஊருணியைத் தேடிப் போய், அங்கே இப்போது பேருந்து நிறுத்தம் இருக்கிறது என்று குறித்திருந்தான். அந்த இடத்தில் குதிரைப் பாதை அறுந்துபோகிறது. வேறு வழி இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடம் பின்னால் மேசையில் இருக்கிறது, பாருங்கள்.